சாம்பல் சலிக்கும் மாமியார்

என் மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய அண்ணாவுக்குத் தங்கை எழுதுவது.

இங்கே நாங்கள் நால்வரும் சுகம். அங்கே நீங்களும் அண்ணியும் சுகமென்று நம்புகிறேன். அண்ணியின் முழங்கால் மட்டும் இன்னும் வழிக்கு வரவில்லை என்பதை உங்கள் கடிதத்தில் படித்து வருந்தினேன். அதே கடிதத்தின் கடைசி வரியில், "மண் பிசையுற பொண்ணைத் தேடிப் பிடிச்சு மருமகளாக்கினியே, இப்போ நீயும் கூட உட்கார்ந்து பிசையுறியா?" என்று கேட்டிருந்தீர்கள். மண் பிசையவில்லை அண்ணா. சாம்பல் சலிக்கிறேன். இருபத்தெட்டு வருஷம் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்த கை, இப்போது மூன்று சல்லடை வைத்துச் சாம்பல் பிரிக்கிறது. இதை நான் பெருமையாகத்தான் எழுதுகிறேன் என்பதை அண்ணிக்கும் படித்துக் காட்டவும்.

விஷயத்தைக் கோவையாகச் சொல்கிறேன். மருமகள் செய்யும் கிண்ணங்களின் மேல் கண்ணாடி மாதிரி வழவழவென்று ஒரு பூச்சு இருக்குமே, அதற்குப் பெயர் கிளேஸ். அதற்கான பொடிகளை மூட்டை மூட்டையாக வரவழைத்துக் கொடுத்தவர் கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். அந்த நேரம் பார்த்து அவளுக்கு முதல் பெரிய ஆர்டர், புதிதாகத் திறக்கும் ஓர் உணவகத்துக்கு அறுபது கிண்ணம். முடியாது என்று சொல்லிவிடு என்றான் என் பிள்ளை, உங்கள் மருமகன்.  மறுநாள் காலையில் அவள் அடுப்படிக்கு வந்து நின்றாள். "அத்தை, அந்தப் பொடி எல்லாம் எங்கேயோ தோண்டி எடுத்த கல்லும் மண்ணும்தானே. நம்ம ஊர்லயும் கல்லு இருக்கு, மண்ணு இருக்கு. கூட விறகுச் சாம்பல் சேர்த்தா சூளையில உருகிக் கண்ணாடியாகும். தேடிப் பார்ப்போமா?" என்றாள். நான் பெற்ற பிள்ளை இருக்கிறான், அவளைக் கட்டிய கணவன் அவன்தான். கேட்டது என்னை அண்ணா.

முதலில் சாம்பல். தெருமுனை ரொட்டிக் கடையில் விறகு அடுப்பு. தகர டின்னோடு நான் போய் நின்றதும், பாத்திரம் தேய்க்கவா என்று கேட்டார் கடைக்காரர். இல்லை, பாத்திரம் செய்ய என்றேன். அவருக்குப் புரியவில்லை, ஆனால் கொடுத்தார். விறகு மாறினால் நிறம் மாறும் என்று மருமகள் சொன்னதால் தினமும் போய் இன்றைக்கு என்ன விறகு என்று விசாரித்தேன். ஒரு நாள் சாம்பலில் பச்சைப் பெயிண்ட் துணுக்கு கிடந்தது, பழைய கதவை எரித்திருக்கிறார், வேண்டாமென்று அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன், அன்றிலிருந்து என்னைக் கண்டால் மனுஷன் எழுந்து நிற்கிறார். மொட்டை மாடியில் சலிக்க உட்கார்ந்த முதல் நாளே காற்று திரும்பி, கீழ்வீட்டு வக்கீலின் ஏழு வெள்ளைச் சட்டையும் எருமைத் தோல் நிறமாகிவிட்டது. அவர் சட்டமாகப் பேச ஆரம்பிக்கும் முன்னே மருமகள் ஏழையும் வாங்கி, சாம்பல் ஊறி வடிந்த தண்ணீரிலேயே முக்கி அலசிக் கொடுத்தாள். வந்ததைவிட வெள்ளை. அடுத்த வாரம் அவர் வேட்டியையும் எடுத்துக்கொண்டு வந்து, ஒண்ணும் அவசரமில்லை என்கிறார். ஆனா அந்தத் தண்ணி பொல்லாதது அண்ணா, கையுறை போடுங்கன்னு அவ சொல்லச் சொல்லக் கேக்காம கையை விட்டேன், ரெண்டு விரல்ல தோல் உரிஞ்சு போச்சு.

அடுத்தது கல். சமையல் மேடைக்குக் கல் அறுக்கிறவர் பட்டறையில இயந்திரத்துக்கு அடியில சேறு மாதிரி பொடி தேங்கும். அதுல கருப்பு, சிவப்பு எல்லாம் கலந்து கிடந்தது. எனக்குச் சாம்பல் நிறக் கல்லோடது மட்டும் வேணும்னு சொல்லி, அவர் அந்தக் கல்லை அறுக்கிற வரைக்கும் குடை பிடிச்சு ஒரு மத்தியானம் பூரா உட்கார்ந்துட்டேன். காய்ஞ்ச பொடி மூச்சுல போகக் கூடாது, ஈரமாவே கொண்டு வாங்கன்னு மருமகளோட கண்டிப்பு. என் வீட்டுக்காரர், அதான் உங்க மாப்பிள்ளை, வாளியோட பஸ் ஏறினார். பிரேக் போட்டதுல கால் வாளிச் சேறு நடத்துநர் செருப்புல. இவர் மன்னிப்புக் கேக்காம, குனிஞ்சு அதையும் வழிச்சு வாளியில போட்டுக்கிட்டாராம்.

மண்ணுக்கு ஒரு வீட்டு அஸ்திவாரக் குழிக்குப் போனோம். உங்க மாப்பிள்ளை ஓய்வு பெற்ற உடற்பயிற்சி வாத்தியார், நிக்கிற தோரணையே ஒரு மாதிரி இருக்கும். குழியில இறங்கி மண்ணை எடுத்து மோந்து பார்த்துப் பையில போட்டு முடிச்சுப் போட்டதும், மேஸ்திரி இவரை ஏதோ அதிகாரின்னு நினைச்சு நாற்காலி போட்டு இளநீர் வெட்டினார். இவர் மறுக்கலை. "ஆழம் போதாது"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கார். இப்போ இன்னும் ரெண்டு அடி தோண்டுறாங்களாம்.

மூன்றையும் கரைத்துக் கிண்ணத்தில் பூசிச் சுட்டோம்; முதல் சூளையில் வந்தது காய்ந்த கஞ்சி மாதிரி ஒரு பூச்சு. இரண்டாவதில் பூச்சு உருகி வழிந்து கிண்ணமும் சூளைத் தட்டும் ஒட்டிக்கொண்டன, உளி வைத்துப் பிரித்தோம். அவள் அழவில்லை, நோட்டில் எழுதினாள். மூன்றாவதைத் திறந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். மழை விட்ட மறுநாள் வாழையிலையின் பின்பக்கம் பார்த்திருக்கிறீர்களா? அந்தப் பச்சை. ரொட்டிக் கடைச் சாம்பலும் பட்டறைச் சேறும் அஸ்திவார மண்ணும்தான் அது என்று சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். உங்கள் மருமகன் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் முடியாதுன்னு சொல்லியிருக்கக் கூடாது" என்றான். அதே கலவையில் அறுபதும் சுட்டு, நேற்று முன்தினம் உணவகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. உங்களுக்கும் அண்ணிக்கும் ஒரு ஜோடி தனியாக அனுப்பியிருக்கிறேன். தினமும் அதில்தான் சாப்பிட வேண்டும், வருகிறவர்களிடம் யார் செய்தது என்று சொல்லவும் வேண்டும்.

அண்ணியின் முழங்காலுக்கு என் விசாரிப்பு. பெரியவர்கள் இருவரும் எங்கள் வீட்டுச் சூளையையும் சேர்த்து ஆசீர்வதிக்கவும்.

என்றும் உங்கள் தங்கை.

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் மருமகள் வந்து நிற்கிறாள். ஒரு கிண்ணத்தில் நேற்றிலிருந்து எலுமிச்சைச் சாறு ஊற்றி வைத்துப் பார்த்தாளாம். சாறு நின்ற இடம் வெளுத்துவிட்டது. பூச்சு புளிப்புக்குத் தாங்கவில்லை, அதில் யாரும் சாப்பிடக் கூடாது என்கிறாள். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிட்டு, அந்த ஜோடியில் சாவி, பொத்தான் போட்டு வையுங்கள். யாருக்கும் தெரிந்திருக்காது அண்ணா, அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். உணவகத்துக்கு அவளே ஃபோன் பண்ணி, "அறுபதையும் திருப்பி எடுத்துக்கறேன், மூணு வாரம் கொடுங்க"ன்னு சொல்லிட்டா.  கலவையில கல்பொடியைக் கூட்டினா புளிப்புக்குத் தாங்குமாம். பட்டறை மூடுறதுக்குள்ள போகணும், உங்க மாப்பிள்ளை வாளியோட வாசல்ல நிக்கிறார்.