ஓயாமல் அடித்த துக்க மணி குறித்து அக்காவுக்கு ஒரு விளக்கம்

இயேசு மரி சூசை துணை

நம் ஊரிலிருந்து,
ஞாயிறு பூசைக்குப் பிறகு.

பெருமதிப்பிற்குரிய அக்கா லூசியா அம்மாள் அவர்களுக்கு,

உடன்பிறந்த தம்பி ஞானராஜ் பணிவோடு எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான், உன் தம்பி பெண்டாட்டி, மகன் ஸ்டீபன்ராஜ், நீ விட்டுப்போன கோழிகள் எல்லோரும் சுகம். நீயும் விழுப்புரத்தில் மகள் இருதயசெல்வி வீட்டில் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறாய் என்பதை எந்தச் சந்தேகமும் இல்லாமல் நம்புகிறேன். இனி ஒருபோதும் கண்ணால் பார்க்காமல் வேறு மாதிரி நம்ப மாட்டேன் என்றும் உறுதி கூறுகிறேன்.

போன் செய்தால் இருதயசெல்வி எடுத்து, அம்மா பூசைக்குப் போயிருக்கிறார்கள் மாமா என்கிறாள். காலையில் கேட்டாலும் பூசை, மத்தியானம் கேட்டாலும் பூசை. விழுப்புரத்தில் எந்தக் கோவிலில் நாள் முழுக்கப் பூசை நடக்கிறது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. நீ பேச மாட்டேன் என்கிறாய், அவ்வளவுதான். அதனால்தான் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு தொடாத பேனாவை எடுத்து இதை எழுதுகிறேன். அன்றைக்கு நடந்ததற்கு நானும் காரணம் இல்லை, என் மகனும் முழுக் காரணம் இல்லை. காரணம் என்ன என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும், ஏனென்றால் ஸ்டீபன்ராஜ் அதை எனக்கு விளக்கி விளக்கி நான் இளைத்தே போய்விட்டேன்.

நீ நெஞ்சுவலி என்று திண்டிவனத்தில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாய். வாயு என்று சொல்லிவிட்டார்கள், ஆனாலும் ஒரு நாள் இருக்கச் சொன்னார்கள். நீயோ ஆஸ்பத்திரிக் கஞ்சியில் உப்பு இல்லை என்று விடிகாலையில் ஒருவரிடமும் சொல்லாமல் முதல் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, போனை அணைத்து வைத்துவிட்டு, மொட்டை மாடியில் மல்லாட்டைக் கடலையைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாய். அப்போது எனக்கு இது எப்படித் தெரியும்? நான் என் வீட்டில் உட்கார்ந்து கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தேன். அன்று பராமரிப்பு என்று காலையிலிருந்தே ஊரில் கரண்ட் இல்லை. அப்போது கோவிலில் துக்க மணி அடிக்க ஆரம்பித்தது. நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், ஆணுக்கு மூன்று மூன்றாக, பெண்ணுக்கு இரண்டு இரண்டாக. இரண்டு இரண்டாகத்தான் அடித்தது. நம் பங்கு மக்களில் படுக்கையில் கிடந்த பெண் நீ ஒருத்திதான். நான் வேறு யாரை நினைப்பது? அதுவும் அந்த மணி வழக்கம் போல் கொஞ்ச நேரம் அடித்து நிற்கவில்லை. அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ பெரிய மனுஷி போய்விட்டாள் என்று கிளியனூர் வரைக்கும் செய்தி போய்விட்டது.

எல்லோரும் உன் வீட்டு வாசலுக்கு வந்ததும், உன் தம்பி பெண்டாட்டி தெருமுனையிலேயே மாரில் அடித்துக்கொண்டு வந்ததும், நீ மாடியிலிருந்து முறத்தோடு இறங்கி வந்து கதவைத் திறந்ததும் நீ அறிந்ததே. உன்னைப் பார்த்த பிறகும் அவளால் அழுகையை உடனே நிறுத்த முடியவில்லை, அவ்வளவு வேகத்தில் வந்துவிட்டாள். அதையும் நீ மன்னித்திருப்பாய். அந்த நேரம் பார்த்து ஐஸ் பெட்டி வண்டி வந்து நின்றதைத்தான் நீ மன்னிக்கவில்லை.

"இன்னாடா ஞானம், பொட்டி யாருக்குடா?" என்று கேட்டாய். வண்டிக்காரன்தான் கையிலிருந்த சீட்டைப் பார்த்து உன் பெயரைப் படித்தான்.

"வந்து ஒரு எட்டு மூஞ்சியப் பாத்துட்டு அப்பறம் பொட்டிக்குச் சொல்லலாம்னு தோணல இல்ல உனக்கு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனவள்தான், மத்தியான பஸ்ஸில் விழுப்புரம் போய்விட்டாய். அக்கா, நான் அழுதுவிட்டுத்தான் போன் செய்தேன். வெயில் காலம். அன்று பக்கத்து ஊர்களிலும் கரண்ட் இல்லை, எல்லோரும் ஜெனரேட்டரோடு வரும் அந்த ஒரே பெட்டிக்குத்தான் போன் செய்வார்கள். உனக்குக் கிடைக்காமல் போய்விடக் கூடாதே என்றுதான் முந்திக்கொண்டேன். இதை நேரில் சொன்னால் இன்னும் கோபம் வரும் என்று அன்று சொல்லவில்லை.

சரி, மணி ஏன் அடித்தது? கோபுரத்து மணியை அடிக்க நம் சாமியார் ஒரு மோட்டார் சுத்தியல் வாங்கிப் போட்டார் அல்லவா, அதை ஓட்டுவதற்கு ஸ்டீபன்ராஜ் காசு வாங்காமல் சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு லைப்ரரி எழுதிக் கொடுத்தான். பங்குப் பேரவைச் செயலாளர் என்ற முறையில் நான் புத்தக அலமாரிக்கு இடம்கூடப் பார்த்து வைத்தேன். அது அந்த லைப்ரரி இல்லையாம். மற்ற புரோகிராம்கள் வந்து வேலை வாங்கிக்கொள்ளும் ஒரு மூட்டையாம். கோபுரத்துச் சின்னப் பெட்டியிலும் ஓடும், சாமியார் அறையில் இருக்கும் பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் ஓடும், எங்கே தூக்கி வைத்தாலும் ஓடும், அதுதான் அதன் பெருமையாம். அந்த மூட்டைக்குள் நிறைய ஃபங்ஷன்கள் இருக்கின்றன, வேண்டும்போது பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்றான். ஃபங்ஷனுக்குத்தானேடா கூப்பிடுவார்கள், ஃபங்ஷனையே எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டேன். அவன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

திண்டிவனத்தில் மைக் செட் வைத்திருக்கும் பிரவீன்குமார் உனக்குத் தெரியும். கோவில் மைக்கும் இன்வெர்ட்டரும் அவன் பொறுப்பு. பேட்டரி இறங்கினால் அவன் செல்போனுக்குச் செய்தி அனுப்ப அவனும் ஒரு புரோகிராம் எழுதி அதே பெட்டியில் வைத்திருக்கிறான். பேட்டரி இறங்கும்போது அது 'அலர்ட்' என்ற ஃபங்ஷனைக் கூப்பிடும். நம் வீட்டுப் பிள்ளையும் துக்க மணி அடிக்கும் ஃபங்ஷனுக்கு 'அலர்ட்' என்றே பெயர் வைத்திருக்கிறான். உள்ளுக்குள் மட்டும் புழங்க வேண்டிய பெயர்களை வெளியே தெரியாமல் மறைத்து வைக்க வேண்டுமாம், வெளியே தெரிய வேண்டியதை மட்டும் எக்ஸ்போர்ட் பண்ண வேண்டுமாம். இவன் எல்லாவற்றையும் திறந்து போட்டுவிட்டான். அன்று கரண்ட் இல்லாமல் பேட்டரி இறங்கியது, பிரவீன்குமாரின் புரோகிராம் அலர்ட் என்று கூப்பிட்டது, நம்முடையது முந்திக்கொண்டு ஏன் என்று கேட்டது. கூப்பிடுகிறவன் கூடவே இரண்டு எண் கொடுக்க வேண்டுமாம். முதல் எண் எந்த மணி என்பதற்கு, ஒன்று என்றால் ஆண், இரண்டு என்றால் பெண். அவனுடைய பேட்டரியோ இரண்டாம் நம்பர் பேட்டரி. அடுத்த இடத்தில் எத்தனை தடவை அடிப்பது என்ற எண் இருக்க வேண்டும். அங்கே பிரவீன்குமார் எதையும் வைக்கவில்லை. முன்னால் வேறு ஏதோ வேலைக்கு வந்த ஏதோ ஒரு பெரிய எண் அங்கே விட்ட இடத்திலேயே கிடந்திருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது. பேட்டரி முழுக்கக் காலியான பிறகுதான் நின்றதாம். ஆகவே அக்கா, அன்று செத்தது நீ இல்லை, பேட்டரி.

இதோடு முடிந்திருந்தால் அன்றே உனக்கு எழுதியிருப்பேன். ஸ்டீபன்ராஜ் வெட்கப்பட்டு, இனி ஒரு பெயர்கூட வெளியே தெரியாது என்று எல்லாவற்றையும் மறைத்தான். மறைத்த வேகத்தில், மணியை அடி என்று கூப்பிட வேண்டிய ஒரு பெயரையும் சேர்த்து மறைத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை முதல் மணியும் இல்லை, இரண்டாம் மணியும் இல்லை. நம் ஜனங்கள் இரண்டாம் மணி கேட்டுத்தான் தலையே சீவுகிறார்கள். சாமியார் பீடத்துக்கு வந்து திரும்பிப் பார்த்தால் நான், கோவில் உபதேசியார், பாட்டுக் குழுவில் இரண்டு பேர், ஒரு நாய். மனந்திரும்புதலைப் பற்றித் தயாரித்து வைத்திருந்த பிரசங்கம் முழுவதையும் எங்களிடமே சொல்லி முடித்தார். நாய் நடுவிலேயே எழுந்து போய்விட்டது. செயலாளர் என்பதால் நான் போக முடியவில்லை.

பிறகு அந்த ஒரு பெயரை மட்டும் வெளியே விட்டான். மணி அடித்தது. சாமியாருக்குச் சந்தோஷம், தன் அறைக் கம்ப்யூட்டரிலிருந்தே அடிக்கும்படி பிரவீன்குமாரிடம் ஒரு பொத்தான் போடச் சொன்னார். காலை ஜெப மணி சரியாக அடித்தது, மத்தியான மணியும் அடித்தது. சாயங்காலம் ஒரு கல்யாணம். பெண் வாசற்படியில் கால் வைக்கும்போது சாமியார் பொத்தானை அமுக்கினார். சுத்தியல் போய் மணியின் மேல் ஒட்டிக்கொண்டு, தொண்டையில் முள் சிக்கியவன் போல ஒரே சத்தம் போட்டுக்கொண்டு நின்றது. பெண் பயந்துபோய் எடுத்து வைத்த காலைப் பின்னால் வைத்துவிட்டாள். சகுனம் எல்லாம் பார்க்காதவர்கள்தான் நாம், ஆனாலும் மாப்பிள்ளையின் சித்தப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

இதற்குக் காரணம் வேறாம். கூப்பிடுகிறவனும் கூப்பிடப்படுகிறவனும் முன்கூட்டியே ஒப்பந்தம் பேசிக்கொள்ள வேண்டுமாம், எதை எங்கே வைப்பது, வேலை முடிந்ததும் வைத்ததை யார் எடுப்பது என்று. கோபுரத்துப் பெட்டியில் ஒரே வழக்கம்தான், அதனால் சோதித்தபோது தெரியவில்லை. பழைய விண்டோஸில் இரண்டு வழக்கம். எனக்குப் புரியவில்லை என்றதும் ஸ்டீபன்ராஜ் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான்.

"பந்தியில சாப்ட்டவனே எல எடுக்கிற ஊரும் இருக்குதுப்பா, வீட்டுக்காரன் எடுக்கிற ஊரும் இருக்குது. நான் எடுப்பேன்னு நானும் எடுத்து, நான் எடுப்பேன்னு பிரவீனும் எடுத்தா, பக்கத்துல சாப்ட்டுக்கினு இருக்கிறவன் எலயும் சேந்து போயிடும். அப்பறம் பந்தி எப்படி நடக்கும்?"

எனக்கு இது மட்டும் நன்றாகப் புரிந்தது. என் கல்யாணத்திலேயே அப்படி ஒரு சண்டை நடந்தது. இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்து, இலையை யார் எடுப்பது என்று நானே பேசி முடித்தேன். பிரவீன்குமார்தான் எடுப்பான். ஒப்பந்தத்தை மூட்டைக்குள்ளேயே எழுதி வைத்துவிட்டார்கள். அதன் பிறகு மணி ஒழுங்காக அடிக்கிறது, யாரும் சாகவில்லை, நாயும் வரவில்லை. ஸ்டீபன்ராஜ் சரியாகச் சாப்பிடுவதில்லை, கம்பெனி வேலையையும் அரைகுறையாகத்தான் பார்க்கிறான். அத்தை இன்னும் வரலையா என்று தினம் ஒரு தடவை கேட்கிறான். உன் மாடி மல்லாட்டையை நான் தினமும் போய்த் துழாவிவிட்டு வருகிறேன், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. நடந்தது கம்ப்யூட்டரின் தவறு. ஸ்டீபன்ராஜ் அதைக் கண்டுபிடித்து அடியோடு சரி செய்துவிட்டான், இனி அப்படி நடக்கவே நடக்காது என்று உத்தரவாதம் தருகிறேன். ஆகவே மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் வீடு வந்து சேர்.

இருதயசெல்விக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசீர். மாதா உன்னைக் கைவிடாமல் காப்பாளாக. ஜெபத்தில் எங்களையும் நினைத்துக்கொள், நீதான் நாள் முழுக்கப் பூசையில் இருக்கிறாயே.

இப்படிக்கு,
உன் அடி பணியும் தம்பி,
ஞானராஜ்

பின்குறிப்பு: மேலே எழுதியதை நம்பாதே. கடிதத்தை ஒட்டிக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். உபதேசியார் வழியில் பார்த்து, யாருக்கு என்று கேட்டார். உனக்கு, மணி அடித்த விவரம் எல்லாம் எழுதியிருக்கிறேன் என்றேன். மனிதர் அப்படியே மதகுமேல் உட்கார்ந்துவிட்டார். அன்று காலை உன்னைப் பார்க்க ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். கட்டில் காலியாக இருந்திருக்கிறது.

"நர்ஸைக் கேட்டேங்க. அந்தம்மா விடிகாலையிலயே போயிட்டாங்களேன்னு சொல்லிச்சு. அதுக்கு மேல நான் இன்னான்னு கேப்பேன்?"

பஸ் பிடித்து நேராகக் கோபுரத்துக்கு வந்து, மெஷின் வந்தபோது ஆணியில் சுற்றி வைத்த கயிற்றை அவிழ்த்து இழுத்திருக்கிறார். கீழே தெருவில் யாரோ நீ உயிரோடு இருக்கிறாய் என்று கத்திக்கொண்டு ஓடுவது கேட்கும்வரை நிறுத்தவில்லை. அதற்குள் எல்லோரும் மெஷினைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்கள், இவர் வாயை மூடிக்கொண்டார். நான் திரும்பி வந்து ஸ்டீபன்ராஜிடம் சொன்னேன். அவன் பிரவீன்குமாருக்குப் போன் போட்டான். மோட்டாரை இன்வெர்ட்டரில் கொடுக்கவே இல்லையாம், கரண்ட் இல்லாவிட்டால் அந்தச் சுத்தியல் அசையவே அசையாதாம். ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருந்தது உண்மைதான், ஆனால் அன்று அது ஒன்றும் செய்யவில்லை. ஸ்டீபன்ராஜ் போனை வைத்துவிட்டு, இந்த மூன்று வாரமும் எதைச் சரி செய்தேன் என்று என்னைக் கேட்கிறான். சாப்பிடு என்று சொல்லியிருக்கிறேன்.

உறையைப் பிரித்து இதைச் சேர்த்திருக்கிறேன். தபாலில் போடாமல் விழுப்புரம் வண்டிக் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன், மாப்பிள்ளை பஸ் நிலையத்தில் வாங்கிக்கொள்ளட்டும். நாளைக் காலை நானும் உபதேசியாரும் வருகிறோம். அவரைக் கோபித்துக்கொள்ளாதே அக்கா. உள்ளங்கையைக் காட்டினார், கயிறு உரித்த இடம் இன்னும் ஆறவில்லை. அதைப் பார்த்ததிலிருந்து, எனக்கு யார் இவ்வளவு நேரம் இழுப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் அங்கே வந்ததும் வாசலிலேயே அழுதுவிடுவார் போலிருக்கிறது. இருதயசெல்வியை அனுப்பாதே. கதவை நீயே வந்து திற.