கோவக்கா கோவம் போட்ட பஸ்கள்

கண்டிப் பக்கத்தில் ஓடுகிற பஸ்களில் கோவக்கா கோவம் போடாத பஸ் ஒன்று இருந்தால், அது இன்னும் கம்பெனியை விட்டு வெளியே வராத பஸ்ஸாகத்தான் இருக்கும். சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பேச்சை நிறுத்திக்கொள்வதைக் கோவம் போடுவது என்போமே, அதேதான். நாமெல்லாம் அதை மூன்றாம் வகுப்போடு விட்டுவிட்டோம். அக்கா விடவில்லை. மனிதர்களோடு போட்டுப் போட்டுச் சலித்துப்போய், பஸ்களோடு போட ஆரம்பித்திருந்தார்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் ஊரான புசல்லாவையில் யாருக்காவது தெரிந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. பேராதனைப் பல்கலைக்கழகக் கெம்பஸில் ஓர் ஒபிசில் கிளார்க்காக இருந்தார். நான் அங்கே கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். ஹொஸ்டல் கிடைக்கவில்லை. ஆகவே அக்காவோடு போய் அக்காவோடு திரும்பி வரவேண்டும் என்று அம்மா என்னை அவரிடம் ஒப்படைத்துவிட்டார். புசல்லாவையிலிருந்து கம்பளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து பேராதனைக்கு இன்னொரு பஸ். அதிலிருந்து அவர் எந்த பஸ்ஸோடு கோவமோ, நானும் அந்த பஸ்ஸோடு கோவம். தனியாகப் போய் ஏறினால் என்னோடும் கோவம் வந்துவிடும். அப்புறம் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது?

எல்லாம் நீல லைட் பஸ்ஸில்தான் ஆரம்பித்தது. முன் கண்ணாடியைச் சுற்றிக் கல்யாண வீடு மாதிரி நீல பல்ப் எரியும். அதன் கொண்டக்டர் ஒரு சிங்கள இளைஞன். ஏறுகிறவர்களை ஓயாமல் உள்ளே தள்ளிக்கொண்டிருப்பான். ஒருநாள் அக்காவைப் பார்த்து, "ஆச்சி, இஸ்ஸரஹட்ட யன்ன" என்றான். பாட்டி, முன்னால் போங்க என்று அர்த்தம். அக்காவுக்கு அப்போது நாற்பதுதான் தாண்டியிருந்தது. தலைமுடி மட்டும் அவசரப்பட்டு நரைத்திருந்தது.

அக்கா பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, பாதி வழியில், கொட்டுகிற மழையில் இறங்கிவிட்டார். பின்னாலேயே நானும்.

"ஆச்சியாம்ல! கல்யாணமே ஆகாதவளுக்குப் பேரப்புள்ள எங்கருந்து வரும் புள்ள? இனி என் பொணங்கூட இந்த பஸ்ல ஏறாது."

அந்த ஞாயிற்றுக்கிழமையே தலைக்கு டை அடித்துவிட்டார். திங்கட்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டில் எனக்கே அவரை அடையாளம் தெரியவில்லை.

அப்புறம் வரிசையாக விழுந்தன. கிளி பொம்மை தொங்கும் பஸ், அக்கா குடையை மடக்குவதற்குள் புறப்பட்டுவிட்டது. கோவம். இன்னொரு பஸ்ஸின் டிரைவர் தினமும் ஒரே அழுகைப் பாட்டைப் போட்டார். விடியக்காலையில் ஒப்பாரி கேட்டுக்கொண்டு ஒபிசுக்குப் போக முடியாதென்று அதோடும் கோவம். கடைசியாக மிஞ்சியிருந்த பஸ் ஒரு பாவமும் செய்யவில்லை. அதன் கொண்டக்டர் நீல லைட் கொண்டக்டரோடு கம்பளை ஸ்டாண்டில் சிரித்துப் பேசிக்கொண்டு டீ குடித்ததை அக்கா கண்ணால் பார்த்துவிட்டார். "அதுவும் அந்தக் கூட்டந்தான்" என்று தீர்ப்புச் சொன்னார்.

ஆக, புசல்லாவையிலிருந்து கம்பளை வரைக்கும் அரசாங்க பஸ் ஒன்று கிடைத்தது. அதோடு கோவம் போட்டால் வேலைக்கே போக முடியாது என்பதால் அதை மட்டும் மன்னித்து வைத்திருந்தார். கம்பளைக்கு அப்பால், நேரே பேராதனைக்குப் போகிற மெயின் ரோட்டில் எங்களுக்கு ஏறுவதற்கு ஒரு பஸ்ஸும் இல்லை. பஸ்கள் வரும், நிற்கும், கொண்டக்டர்கள் கூவுவார்கள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு வானத்தைப் பார்ப்பார். கூட நானும் வானத்தைப் பார்ப்பேன்.

அப்போதுதான் அக்கா தவுலகலை ரூட்டைக் கண்டுபிடித்தார். கம்பளையிலிருந்து ஒரு சின்ன பஸ் கிராமத்துக்குள்ளே புகுந்து, தவுலகலையைச் சுற்றி, பிலிமத்தலாவையில் போய்ச் சேரும். அங்கே இறங்கி இன்னொரு பஸ் பிடித்துப் பேராதனைக்கு வரவேண்டும். மூக்கைத் தொடத் தலையைச் சுற்றுவது என்பதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். அந்த பஸ் எல்லாருக்கும் நிற்கும். ஓர் அம்மா வாசலில் நின்று கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்த் தலை சீவி முடித்து வருவார். அதுவரைக்கும் டிரைவர் பேப்பர் படிப்பார். பலாக்காய் மூட்டைக்கு சீட் கிடைக்கும், எங்களுக்குக் கிடைக்காது.

நான் தூங்கி விழுந்துகொண்டே முணுமுணுத்தால் அக்கா விடமாட்டார். "இங்க என்னைய மிஸ்னு கூப்புடுறாங்க. மரியாதைக்கு மேல ஒண்ணு இருக்கா?" என்று கேட்பார்.

என் வைவா வந்தது. வருடம் முழுக்க எழுதிய ஆய்வைப் பற்றி மூன்று பேராசிரியர்கள் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். காலை ஒன்பது மணிக்கு முதல் ஆள் நான். தவறவிட்டால் கூடப் படித்தவர்களெல்லாம் பட்டம் வாங்க, நான் அடுத்த வருடக்காரர்களோடு நிற்கவேண்டும். இன்றைக்கு மட்டும் மெயின் ரோட்டால் போவோம் அக்கா என்று கெஞ்சிப் பார்த்தேன். நேரத்தோடு புறப்பட்டால் போதும் என்று சொல்லிவிட்டார். வழக்கத்துக்கு முன்னாலேயே புறப்பட்டோம். தவுலகலை பஸ்ஸும் நல்லபடியாகத்தான் கிளம்பியது. ஆனால் கொஞ்சத் தூரம் போய், ஒரு வளைவில் பெரிய இருமல் இருமி நின்றுவிட்டது. டிரைவர் எஞ்ஜினைத் திறந்து அதோடு நெடுநேரம் பேசினார். அது பதில் சொல்லவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தை விட்டு நடுரோட்டில் நின்று அழுதேன். அக்கா அந்த வழியாக வந்த ஒரு த்ரீவீல் ஆட்டோவைக் குடையை நீட்டி மறித்தார். அதை ஓட்டி வந்த ஐயா பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றப் போய்க்கொண்டிருந்தார். பேராதனை வரைக்கும் முடியாது, மெயின் ரோட்டில் விடுகிறேன் என்று சொல்லி, அங்கே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

தூரத்தில் ஒரு பஸ் வந்தது. பட்டப்பகலில் நீல பல்ப் எரிந்துகொண்டு வந்தது.

நான் அக்காவைப் பார்த்தேன். பழக்க தோஷத்தில் வானத்தையும் பார்த்தேன்.

"மேல என்ன பார்வ? வாய மூடிட்டு ஏறு புள்ள" என்றார் அக்கா.

உள்ளே போனதும், பரீட்சை இருக்கிறது, கொஞ்சம் வேகமாகப் போகச் சொல்லுங்கள் என்று கொண்டக்டரிடம் கேட்டேன். பஸ்ஸில் இருக்கிற எல்லாருக்கும்தான் அவசரம் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, அடுத்த பஸ் ஹோல்டில் இறங்கி நின்று ஆள் கூப்பிட்டான். அதற்கடுத்த ஹோல்டிலும் கூப்பிட்டான். நான் மறுபடியும் கண்ணைத் துடைத்தேன்.

அப்போது பக்கத்தில் ஒரு முனகல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அக்கா டை அடித்த தலையை முந்தானையால் நெற்றி வரைக்கும் மூடிக்கொண்டு, கூனிக் குறுகி, நெஞ்சில் கை வைத்திருந்தார்.

"அனே புத்தே... ஆச்சிட்ட அமாருய்."

ஐயோ மகனே, ஆச்சிக்கு முடியவில்லையே! குரல் எண்பது வயதுக் குரல். எனக்கே பயமாகப் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று கொண்டக்டர் பதறினான். வேண்டாமாம். பக்கத்தில் இருக்கிற பேத்தி கெம்பஸில் படிக்கிறாளாம், இரண்டு பேரையும் சீக்கிரம் பேராதனையில் இறக்கிவிட்டால் ஆச்சியை அவள் பார்த்துக்கொள்வாளாம். கொண்டக்டர் டிரைவரைப் பார்த்து ஒரு சத்தம் போட்டான். அதன் பிறகு அந்த பஸ் எந்த ஹோல்டிலும் நிற்கவில்லை. ஒருவர் தண்ணீர் கொடுத்தார். இன்னொருவர் பேப்பரால் விசிறினார். கெலிஓயாவில் இறங்கவேண்டியவர்கூட, ஆச்சி பிழைத்தால் போதும் என்று பேராதனை வரைக்கும் வந்தார். நான் ஒன்பதுக்கு முன்னாலேயே கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். பாஸும் ஆகிவிட்டேன்.

ஆனால் அந்தப் பொய்யை அக்காவால் திருப்பி எடுக்க முடியவில்லை. அன்று பின்னேரமே கம்பளை ஸ்டாண்டில் அந்தக் கொண்டக்டர் ஓடி வந்து ஆச்சிக்கு இப்போது எப்படி என்று விசாரித்தான். உண்மையைச் சொன்னால் மானம் போய்விடும். அக்கா மறுபடியும் கூனிக்கொண்டார். மறுநாளிலிருந்து நீல லைட் பஸ்ஸில் முன் சீட் ஆச்சிக்கு. டை அடிப்பதையும் விட்டுவிட்டார்.

இப்போது நான் கண்டியில் வேலை செய்கிறேன். எப்போதாவது அந்த பஸ்ஸில் ஊருக்குப் போனால் கொண்டக்டர் என்னைச் சும்மா விடமாட்டான். வயதான ஆச்சியை இத்தனை நாள் வந்து பார்க்காமல் இருக்கலாமா என்று பஸ்ஸே கேட்கும்படி ஏசுவான். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொள்வேன். அவன் ஏசுவது நியாயம்தான். நான் அவருடைய பேத்திதானே.