ஆமென் போட்ட கெர்னல்

நன்றாக ஓடுகிற புரோகிராமைக் கடைசி நேரத்தில் தொடாதீர்கள் என்று ஆபீசில் எல்லோருக்கும் அறிவுரை சொல்வேன். நான் தொட்ட கதையை மட்டும் அங்கே சொன்னதில்லை.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. வாழவந்தியில் எங்கள் வீட்டிலிருந்தே பார்க்கக்கூடிய ஒரு வேலைக்கு ஆன்லைனில் இன்டர்வியூ. கிடைக்காவிட்டால் பெங்களூரில் வேலை, ஹாஸ்டல் வாசம். அந்த ஹாஸ்டல் சாம்பாருக்குப் பயந்தே (நிஜமாகத்தான்) இன்டர்வியூவில் காட்ட ஒரு குட்டி ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுதி வைத்திருந்தேன்.

அதன் உயிர்நாடி கெர்னல். அது கண் விழித்ததும் முதல் ப்ராசஸை, அதாவது முதலில் ஓடும் புரோகிராமை, தன் கையாலேயே உருவாக்கி, மெமரியில் இடம் கொடுத்து, ஓட விட வேண்டும். மற்ற ப்ராசஸ்கள் எல்லாம் அதிலிருந்துதான் பிறக்கும். அதனால் அந்த முதல் ப்ராசஸ் மட்டும் ஒருபோதும் முடியக்கூடாது. முடிந்தால் மொத்தமும் நின்றுவிடும். இரண்டு நாள் அழுது அதை ஓட வைத்திருந்தேன்.

இன்டர்வியூ அன்று காலை அம்மா எட்டிப் பார்த்தார். எங்கள் வீட்டில் புது மிக்ஸியைக்கூட ஜெபம் பண்ணாமல் போட மாட்டோம்.

"மொத மொத ஓடறதுங்கறே. ஒரு ஜெபம் எழுதிப் போடு கண்ணு. உன்ற கை தேஞ்சா போயிரும்?"

போட்டேன். முதல் ப்ராசஸின் தொடக்கத்திலேயே நாலு வரி ஜெபம், கடைசியில் ஆமென். ஆமெனுக்குப் பிறகு என்ன இருக்கிறது? பழக்கதோஷத்தில் அடுத்த வரியிலேயே ப்ராசஸை முடிக்கும் கட்டளையைப் போட்டுவிட்டேன். ஓட்டிப் பார்க்கவும் இல்லை. ஜெபம்தான் பண்ணியாயிற்றே என்ற திமிர்.

இன்டர்வியூ எடுத்த மேடம் கேட்டதும் ஓட்டினேன். ஜெபம் அழகாக வந்தது. ஆமெனும் வந்தது. அதற்குக் கீழே, முதல் ப்ராசஸ் செத்துவிட்டது, கெர்னல் நிற்கிறது என்று வந்தது.

"ஏம்மா, இது முடியலாமா?" என்றார் மேடம்.

நான் வாயைத் திறப்பதற்குள் கதவருகிலிருந்து அம்மா குரல் கொடுத்தார்: "ஏனுங்க மேடம், ஆமென் சொன்னா முடிக்கறதுதானுங்களே!"

மேடம் சிரித்துச் சிரித்து இருமினார். எனக்குக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது, அவ்வளவு அவமானம். வேலை கிடைக்கவில்லை. பெங்களூர் போனேன். சாம்பார் நான் பயந்ததைவிட மோசம்.

இன்றும் லீவுக்கு வந்தால், வீட்டு ஜெபம் நடத்தும் அப்பா ஆமெனுக்கு முன்னால் நிறுத்தி, ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்ப்பார். எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து எல்லோரையும் அதட்டிய மனிதர், என்னிடம் மட்டும் அத்தனை பணிவாகக் கேட்பார்:

"முடிச்சுக்கலாமா கண்ணு? எதும் நின்னு போயிராதே?"