கூண்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும்

மதிப்பிற்குரிய சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகன் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே கிளிகள் இரண்டும் சுகம், நான்தான் சுகமில்லை. அங்கே உங்கள் சுகத்தை விசாரித்தால் சித்தியின் சுகத்தையும் விசாரிக்க வேண்டிவரும். உடனே "சிக்னல் சரியில்லப்பா" என்று போனை வைத்துவிடுவீர்கள். காகிதத்துக்குச் சிக்னல் தேவையில்லை என்பதால் இந்தக் கடிதம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து கூண்டை எடுத்துக்கொண்டு போங்கள்.

"தனியா இருக்கற பையன், கிளி வளர்த்தா பொறுப்பு வரும், பலனும் இருக்கும்" என்று சொல்லித்தானே தலையில் கட்டினீர்கள்? பொறுப்பு வந்துவிட்டது. நான் சாப்பிடாமல் வேலைக்கு ஓடினாலும் அவர்களுக்குப் பழம் நறுக்கி, தண்ணீர் மாற்றி, தட்டைக் கழுவிவிட்டுத்தான் ஓடுகிறேன். பலன் என்று பார்த்தால், நான் லிஃப்ட் ரிப்பேருக்குக் கொண்டுபோகும் மல்டிமீட்டரின் வயரைக் கடித்துத் துப்பியதைத் தவிர இதுவரை எதுவும் கண்ணில் படவில்லை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பேச்சைத்தான் தாங்க முடியவில்லை. கூண்டை ஜன்னலோரம் வைப்பதற்காகச் சித்தியின் தையல் மெஷினை அவரைக் கேட்காமல் பழைய இரும்புக் கடையில் போட்டது நீங்கள், அன்றிலிருந்து முகம் பார்த்துப் பேசாமல் கிளிகளிடம் சொல்லி அனுப்பிக்கொண்டது நீங்கள் இரண்டு பேரும், அனுபவிப்பது நான். பெண் கிளி அப்படியே சித்தியின் குரலில், "அந்த மனுஷன்கிட்ட சொல்லு, கண்ணாடி டிவி மேல இருக்குன்னு" என்கிறது. ஆண் கிளி உங்கள் குரலில், "தெரியும்னு சொல்லு!" என்கிறது. காலையில் தொடங்கினால் இதேதான். என் வீட்டில் டிவியே கிடையாது.

போன வாரம் ஒரு ஆபீஸ் லிஃப்ட் பாதியில் நின்று, உள்ளே ஆட்கள் மாட்டிக்கொண்டு, அந்த ஆபீஸ் மேனேஜர் பதற்றமாக எனக்குப் போன் செய்தார்; நான் வீட்டில் இருந்தேன். "கன்ட்ரோலர் போர்டுல எந்த லைட் எரியுதுன்னு பாருங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து நீங்கள், "தெரியும்னு சொல்லு!" மேனேஜர் சொல்கிறார்: "அந்தப் பெரியவருக்குத் தெரியுமாமே சார், அவரையே அனுப்பி வைங்களேன்."

பழுது எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் இணைப்பைப் பிரித்துச் சோதிப்பது எங்கள் தொழில். ஒன்றைச் சமையலறையிலும் ஒன்றை ஹாலிலும் வைத்தேன். சுவரைத் தாண்டிக் கேட்க வேண்டுமே என்று இன்னும் சத்தமாகத் திட்டிக்கொண்டன. பிறகு சத்தம் நின்றது. அப்பாடா என்று போய்ப் பார்த்தால், இரண்டும் தட்டில் வாயே வைக்கவில்லை, உர்ரென்று உட்கார்ந்திருக்கின்றன. பயந்துபோய்த் திரும்பச் சேர்த்தேன். ஒன்றின் கழுத்தை ஒன்று கோதிவிட்டது. கோதி முடித்ததும், "அந்த மனுஷன்கிட்ட சொல்லு…"

இதற்கிடையில் கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா என்னைப் படியில் மடக்கினார். "ஏம்ப்பா, பெத்தவங்களக் கூட்டிட்டு வந்து வச்சிருக்கியே, ஒரு நாளாவது வெளிய காத்தாட விடக் கூடாதா?"

"அது கிளிங்கம்மா."

"பெத்தவங்களையே கிளின்னு சொல்ற அளவுக்கு ஆயிடுச்சா?"

மேலே கூட்டிப்போய்க் காட்டினேன். பெண் கிளி அவரை ஏற இறங்கப் பார்த்து, "கதவ சாத்திட்டுப் போகச் சொல்லு" என்றது. போகும்போது அந்த அம்மா சொன்னது: "மாசம் முடியறதுக்குள்ள அதுங்க போகணும். இல்லேன்னா நீ போகணும்."

ஆகவே நீங்கள் வர வேண்டும். வந்து, தூது போக வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வாயைப் பயன்படுத்துங்கள். வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்த்ததாகவே தெரியவில்லை.

பெரியவர்களுக்கு இப்படி எழுதியதற்கு மன்னிக்கவும். உங்கள் ஆசி எப்போதும் வேண்டும், கிளிகள் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது சித்தி வந்தார். கிளிகளுக்கு விதை கொடுக்க வந்தாராம், உங்களுக்குத் தெரியாதாம். அவர் குரலைக் கேட்டதும் ஆண் கிளி சத்தம் போடவில்லை. உங்கள் குரலில்தான், ஆனால் யாருமில்லாதபோது பேசுகிற மாதிரி, மெதுவாக: "கிளி, அவகிட்ட சொல்லிடு. மெஷினைக் கேக்காமப் போட்டது என் தப்புதான்." கடைசியில் உங்கள் இருமல் வேறு. சித்தி விதைப் பொட்டலத்தின் முடிச்சை அவிழ்க்கிறார், அவிழ்க்கிறார், அவிழவே இல்லை. "இன்னொரு தடவ சொல்லச் சொல்லுப்பா" என்றார். அது, "தெரியும்னு சொல்லு!" என்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். கூண்டைத் தர மாட்டேன், தந்தால் மறுபடியும் கிளியிடம்தான் சொல்லி அனுப்புவீர்கள். வீட்டுக்கார அம்மாவை நான் சமாளித்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைச் சித்தி படித்துவிட்டார். அவரே கொண்டுவந்து கொடுப்பார். "அந்த மனுஷன்கிட்ட சொல்லு" என்று என்னிடமும் ஒரு பதில் சொல்லி அனுப்பத் தொடங்கினார். நான் கிளி இல்லை என்று சொல்லிவிட்டேன். எதிரிலேயே நிற்பார், கேட்டுக்கொள்ளுங்கள்.