எதிரணியை அழைத்துக்கொண்டு செஞ்சிக்குப் போன கதை

எதற்கும் மறுபக்கம் ஒன்று உண்டு என்பதை அறிந்தவர்கள் இந்த நாட்டில் ஏராளம். அந்த மறுபக்கத்திலேயே நிரந்தரமாகக் குடியிருந்தவள், எனக்குத் தெரிந்து, ஒருத்திதான். விழுப்புரத்தில் நாங்கள் தங்கியிருந்த மகளிர் விடுதியில் அவளுக்கு 'எதிரணி' என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

நான் மேடைப் பேச்சில் பயிற்சி பெற்றவள். கல்லூரியில் வாங்கிய கோப்பைகள் அலமாரியில் இடம் போதாமல் எங்கள் வீட்டு அரிசி டிரம்மின் மேல் அணிவகுத்து நிற்கின்றன. தன்னடக்கம் கருதி எண்ணிக்கையைச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கும் அவளுக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. சீட்டுக் குலுக்கலில் எந்தப் பக்கம் விழுகிறதோ, அந்தப் பக்கத்துக்காக நான் முழங்குவேன். அவளோ எந்தப் பக்கத்தில் ஆளே இல்லையோ அந்தப் பக்கத்துக்குத் தானாகவே நகர்ந்து போய்விடுவாள்.

சாம்பாரில் உப்பில்லை என்று விடுதியே திரண்டு சமையலறை வாசலில் நின்ற நாளில், சமையல்கார அம்மாவின் சார்பில் இரத்த அழுத்தத்தைப் பற்றி அவள் ஆற்றிய உரையைக் கேட்டுக் கூட்டம் தலைகுனிந்து கலைந்தது. உப்பில்லாத சாம்பார் மேலும் ஒரு வாரம் நீடித்தது. குளியலறையில் கரப்பான்பூச்சியைக் கண்டு துடைப்பத்தோடு பாய்ந்த என்னைத் தடுத்து, "அது பாட்டுக்கு இருட்டுல இருந்துச்சி. நீதான் லைட்டப் போட்டு அத டென்ஷன் பண்ணிட்ட" என்று கண்டித்தவளும் அவளே. இப்படிப்பட்டவளை நெருங்கிய தோழியாக எப்படி வைத்துக்கொண்டாய் என்று கேட்காதவர்கள் இல்லை. கோப்பையோடு நான் அறைக்குத் திரும்பும் நாள்களில், தோற்றவள் சொன்னதில் எது சரி என்று எனக்கு எடுத்துச் சொல்ல உலகத்தில் வேறு ஆள் இல்லை என்பதுதான் என் பதில்.

இனிச் செஞ்சிக்கு வருகிறேன். அங்கிருந்து சற்றுத் தள்ளி, வல்லத்தில் என் சித்தப்பாவின் வீடு. அவர் மகள் தேன்மொழி டிப்ளமோ முடித்தவள். அவளுக்குப் புனேயில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. வருகிறாளா இல்லையா என்பதைத் திங்கட்கிழமைக்குள் அவள் சொல்லியாக வேண்டும். சித்தப்பா முடியாது என்று சொல்லிவிட்டார். தொலைபேசியில் அவரிடம் பெண் கல்வி, பெண் உழைப்பு, பெண் விடுதலை ஆகிய மூன்று தலைப்புகளிலும் நான் முழங்கினேன். இறுதிவரை பொறுமையாகக் கேட்டவர், "சாப்டியா கண்ணு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

ஆகவே நேரில் களமிறங்கினேன். வெளியே சொன்ன நோக்கம் வார இறுதிச் சுற்றுலா. முதல் நாள் கோட்டை, இரண்டாம் நாள் பஜார், அன்று மாலை சித்தப்பா. வேலைக்குப் போவதற்கான பொருள்களை முன்கூட்டியே வாங்கிவிடுவது என்றும் முடிவு செய்தேன். வெற்றி விழாவுக்குப் பந்தல் போட்டுவிட்டு மேடையேறுவது என் வழக்கம்.

எதிரணி என்னோடு வருவது உறுதியானதும் பேருந்திலேயே அவளிடம் சத்தியம் வாங்கினேன். சித்தப்பாவின் முன்னால் அவள் வாயைத் திறக்கக் கூடாது. "சரி" என்றாள். என் சொல்லுக்கு அவள் மறுபேச்சின்றி இசைந்தது அதுவே முதல் முறை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

செஞ்சிப் பேருந்து நிலையத்தில் தேன்மொழியும் அவள் தோழி ரேவதியும் காத்திருந்தார்கள். ரேவதி செஞ்சிக்காரி. பேரம் பேசுவதில் அவளுக்கு இணையில்லை என்று ஊரே சொல்லும். நால்வரும் ராஜகிரி மலையேறினோம். வழியெல்லாம் சிரிப்பு, மூச்சு வாங்கியதால் சிரிப்பையும் தவணை முறையில்தான் சிரித்தோம். உச்சியில் நின்று, இந்தக் கோட்டையைக் காத்து நின்ற வீரர்களின் பெருமையை நான் எடுத்துரைக்கத் தொடங்கினேன். இளையவர்கள் இருவரும் வாய் பிளந்து கேட்டார்கள். எதிரணி கீழே பொட்டல் வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேல இருந்தவங்களுக்கு இன்னா, காத்து வந்துச்சி" என்றாள். "கீழ முற்றுகை போட்டுக்கினு வருஷக்கணக்கா வெயில்ல குந்தியிருந்தானே, அவனுக்கு யாரு தண்ணி குடுத்தது?"

அதன் பிறகு அந்த மலையில் வீரர்களின் பெருமை எடுபடவில்லை. இறங்கும்போது ரேவதியின் முறுக்குப் பொட்டலத்தை ஒரு குரங்கு பிடுங்கிக்கொண்டு ஓடியது. குரங்கின் சார்பில் யார் பேசினார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. "அது வீட்டு வாசல்ல வந்து நின்னுக்கினு நீ மட்டும் தின்னா?" என்று ரேவதியைக் கேட்டாள்.

மறுநாள் பஜார். முதலில் பெட்டிக் கடை. அதாவது பயணப் பெட்டி விற்கும் கடை. ரேவதி ஒரு பெட்டியின் ஜிப்பை இப்படியும் அப்படியும் இழுத்து, உதட்டைப் பிதுக்கி, இது ஒரு மாதம்கூடத் தாங்காது என்று பேரத்துக்கு அடிக்கல் நாட்டினாள். கடைக்காரர் வாய் திறப்பதற்குள் எதிரணி குறுக்கிட்டாள்.

"இந்த இழு இழுத்தா எந்த ஜிப்புதான் தாங்கும்? தப்பு ஜிப்பு மேல இல்லடி."

கடைக்காரர் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார். டீ வந்தது, அவளுக்கு மட்டும். கடை வாடகை, கரண்ட் பில், ஆன்லைனில் வாங்குகிறவர்களின் துரோகம் ஆகியவை குறித்து இருவரும் மனம்விட்டுப் பேசினார்கள். முடிவில், சொன்ன விலையில் சல்லிக்காசு குறையாமல் வாங்கிக்கொண்டு, "அக்காவ அடிக்கடி கூட்டிக்கினு வாங்க" என்று எங்களை வாசல்வரை வந்து வழியனுப்பினார். ரேவதி அந்தத் தெரு முடியும்வரை எங்களைவிட்டு நாலடி முன்னாலேயே நடந்தாள்.

அடுத்தது ஸ்வெட்டர். புனேயில் குளிரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பாறையெல்லாம் அடுப்பாகக் காயும் செஞ்சியில், கோடையில், ஸ்வெட்டர் கேட்டு நாங்கள் கடை கடையாக ஏறினோம். ஒரு ஜவுளிக்கடைக்காரர் எங்களை உடம்பு சரியில்லாதவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பரணில் தேடி, ஆண்கள் அணியும் பழுப்பு நிற ஸ்வெட்டர் ஒன்றைத் தூசு தட்டிக் கொடுத்தார். தேன்மொழி அதைப் போட்டுப் பார்த்தபோது கை முழங்காலைத் தொட்டது. நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "வளர்ற பொண்ணு, சரியாப் பூடும்" என்று கடைக்காரருக்காக வாதாடினாள் எதிரணி. தேன்மொழிக்கு அப்போது இருபத்தொரு வயது.

அந்தக் கடையிலேயே கிளிப்பச்சையில் ஆரஞ்சுப் பூப்போட்ட துப்பட்டா ஒன்று தொங்கியது. கண் கூசும் நிறம். இதை எவள் வாங்குவாள் என்று மூவரும் ஒருமனதாக முடிவு செய்தோம். எதிரணி அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பணத்தையும் கட்டிவிட்டாள். "அதுக்கும் ஒரு ஆளு வேணும் இல்ல?" என்றாள். ஜூஸ் கடைக் கண்ணாடியில் அவளைப் பார்த்துப் பார்த்து நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். எங்களைவிட அதிகம் சிரித்தவள் அவள்.

பெட்டியையும் ஸ்வெட்டரையும் ரேவதி வீட்டில் ஒளித்துவைத்துவிட்டு, அவளையும் துணைக்கு அழைத்துக்கொண்டு மாலையில் வல்லம் போய்ச் சேர்ந்தோம். சித்தப்பா வாசலில் தார்ப்பாய் விரித்து, விதைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். நான் எழுந்து நின்றேன். முன்னுரை, மூன்று வாதங்கள், உருக்கமான முடிவுரை என்று மேடையில் எனக்குக் கோப்பை வாங்கித் தந்த அதே அமைப்பில் பேசினேன்.

"நல்லாப் பேசின கண்ணு. கை தட்டலாம் போல இருந்துச்சி" என்றார் சித்தப்பா. "ஆனா தேனு போவ வேணாம்."

ஏன் என்று கேட்டதற்கு, "தூரமா இருக்குதும்மா" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு வாரமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று சித்தி சலித்துக்கொண்டார். இந்தக் காலத்தில் யார் தூரம் பார்க்கிறார்கள் என்றாள் ரேவதி. "என்கூடப் படிச்சவங்க எல்லாம் போய்ட்டாங்க நைனா" என்று தேன்மொழி கண்கலங்கினாள். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு, உடைத்த மல்லாட்டையையே மறுபடியும் உடைத்தார்.

என் பக்கத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது. நான் கிள்ளினேன். பயனில்லை.

"சித்தப்பா சொல்றதுதான் சரி" என்றாள் எதிரணி. "நாலு பேரு ஒரு பக்கமாக் குந்திக்கினு ஒத்த ஆள இந்த அமுக்கு அமுக்கினா, அவரு இன்னா பேசுவாரு? அவருக்கு நான் பேசறேன்."

பேசினாள். அங்கே தேன்மொழிக்குக் காய்ச்சல் வந்தால், போனில் நல்லாத்தான் இருக்கேன் என்பாள். குரலை வைத்தே இவர் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் கண்டுபிடித்து என்ன செய்வது என்று தெரியாமல் வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பார். தீபாவளிக்கு டிக்கெட் கிடைக்காது. கிடைத்து வந்தாலும், வந்த மறுநாளே கிளம்புகிற பேச்சுத்தான் ஓடும். சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டால், இவர் பழக்கத்தில் தலையைத் தூக்கிப் பார்ப்பார். அது வேறு யாரோவாக இருக்கும். சித்தப்பாவின் கைகள் நின்றுவிட்டன. தன் மனத்துக்குள் பெயர் தெரியாமல் குவிந்து கிடந்ததையெல்லாம் ஒருத்தி எடுத்து வெளியே அடுக்குவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி முந்தானையால் மூக்கைத் துடைத்தார். தேன்மொழி என்னைப் பார்த்த பார்வையில், திங்கட்கிழமை கருகிக்கொண்டிருந்தது.

அத்தோடு அவள் உட்கார்ந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். கையில் எடுத்த வழக்கைப் பாதியில் விடுகிறவளா அவள்?

"அதோட, தேனு வெவரம் பத்தாத பொண்ணு. போர்டு இந்தியில இருந்தா பஸ் ஸ்டாண்டுலயே முழிச்சிக்கினு நின்னுடும்."

"யாரு?" என்றார் சித்தப்பா.

"தேனுதான்."

"இது நிக்குமா?" சித்தப்பா நிமிர்ந்தார். "மேல்மலையனூரு அமாவாசைக்குப் போயிருந்தோம். அந்தக் கூட்டத்துல இவங்க அம்மா தொலைஞ்சி பூட்டா. நான் அழுதுக்கினு நிக்கறேன். இது, எட்டாவது படிக்கிற புள்ள, நேராப் போயி மைக்க வாங்கி அவங்க அம்மா பேரச் சொல்லிக் கூப்டுச்சி. அப்பறம் எங்க ரெண்டு பேரு கையயும் புடிச்சி இழுத்தாந்து, ஸ்பெஷல் பஸ்ஸுல சீட்டு புடிச்சி உக்கார வெச்சிது. இதுவா நிக்கும்?"

எதிரணி அசையவில்லை. "அது நம்ம ஊரு சித்தப்பா. தமிழ்ல கூப்ட்டா அம்மா வந்துட்டாங்க. அங்க மிஷினெல்லாம் பெருசு பெருசா இருக்கும். பாத்தாலே கை நடுங்கும்."

"கை நடுங்குமா?"

சித்தப்பா எழுந்தே விட்டார். மடியிலிருந்த மல்லாட்டை நாலாபுறமும் சிதறியது. கிணற்று மோட்டார் நின்றுபோனால் மெக்கானிக் வருவதற்குள் அதைக் கழற்றி மாட்டி ஓடவைப்பது யார் என்று கேட்டார். வங்கியில் தன்னை அலைக்கழித்த அதிகாரியிடம் நேருக்கு நேர் நின்று பேசியது யார் என்று கேட்டார். அவள் ஒவ்வொரு குறையாகச் சொல்லச் சொல்ல, அவர் ஒவ்வொன்றையும் தகர்த்தார். நான் பேசியிருக்க வேண்டிய அத்தனை வாதங்களையும், மூன்று தலைப்புகளின் உதவியின்றி, என்னைவிடச் சிறப்பாக என் சித்தப்பா பேசினார்.

"இந்தி இன்னா பெரிய இந்தி. போனா தன்னால கத்துக்கும். இது போவும். எங்க வேணாலும் போவும். நாளைக்கே போவும்."

தான் சொன்னது சித்தப்பாவின் காதுக்கு மெல்லத்தான் வந்து சேர்ந்தது. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, சிதறிய மல்லாட்டையை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். குனிந்தபடியே, "அங்க குளிருமாமே. ஸ்வெட்டரு வாங்கணும் இல்ல?" என்றார்.

"வாங்கியாச்சி மாமா" என்றாள் ரேவதி, நாக்கைக் கடித்துக்கொள்ளும் முன்பே.

சித்தப்பா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "பொட்டியுமா?"

"பொட்டியும்."

முதலில் சிரித்தவர் அவர்தான்.

திரும்பும் பேருந்தில் எதிரணியின் கையைப் பிடித்துக் குலுக்கி, எதிரியைத் தன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைக்கும் இந்த உத்தியை எங்கே கற்றாய் என்று கேட்டேன். அவள் கையை உதறினாள்.

"இன்னா உத்தி? நானே தோத்துட்டேன்னு கடுப்புல இருக்கேன். அவரு சொன்னதுல இன்னாடி தப்பு? தூரம்தான். அதச் சொல்றதுக்கு அந்த வீட்ல அவரு பக்கம் ஒரு ஆளு இல்ல."

நான் நம்பவில்லை. உத்தியில்லாமல் ஒருவர் பேச முடியும் என்பது என் பயிற்சியில் இல்லாத பாடம்.

தேன்மொழி புறப்பட்ட நாளில், எதிரணி விடுப்பு எடுத்துக்கொண்டு என்னோடு செஞ்சிப் பேருந்து நிலையத்துக்கு வந்தாள். சித்தப்பா பெட்டியைத் தானே தூக்கி ஏற்றினார். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தார். ஜன்னல் ஓரம் நின்று சிரித்துப் பேசினார். பேருந்து திண்டிவனம் சாலையில் திரும்பி மறைந்ததும், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நல்ல காரியத்துக்குப் போகும்போது அழுவார்களா என்று சித்தி அதட்டினார். எல்லோரும் பார்க்கிறார்கள் மாமா என்றாள் ரேவதி. சாதிக்கப் புறப்பட்ட மகளின் தந்தை பெருமிதத்தோடு தலைநிமிர்ந்து நிற்க வேண்டும் என்று நானும் தொடங்கினேன்.

"அழட்டும், விடுங்க" என்றாள் எதிரணி. "போனது அவரு பொண்ணு."

சொல்லிவிட்டு அவர் அருகே போய் நின்றாள். அவள் கண்களும் வழிந்துகொண்டிருந்தன. நான் தொடங்கிய வாக்கியத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டு, அவள் பக்கத்தில் போய் நின்றேன்.