கோடியில் ஒரு தப்பு

பேப்பர் படிப்பதில் ஆபத்து இல்லை. படித்ததைச் சபையில் எழுந்து சொல்வதில்தான் இருக்கிறது. என் தங்கை மகள் கலாவின் நிச்சயதார்த்தத்தைக் கிட்டத்தட்ட நிறுத்தி இதைத் தெரிந்துகொண்டேன்.

அப்போது காரைக்காலில் ஒரு கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தேன். தெருவிலேயே முதல் கம்ப்யூட்டர் என் வீட்டில்தான். (அதற்குத் துணியில் உறை தைத்துப் போட்டிருந்தோம். எனக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடையாது.) கலாவுக்கும் அம்பகரத்தூர் பையனுக்கும் அதில்தான் பொருத்தம் பார்த்தோம். தேதிகளைத் தட்டியது கலா, பெருமைப்பட்டது நான். பத்துக்கு எட்டு. இருவருக்கும் அதற்கு முன்பே பிடித்துப்போயிருந்தது.

நிச்சயத்தன்று கோட்டுச்சேரிக்குப் போகும் பஸ்ஸில் பேப்பரைப் பிரித்தேன். ஒரு வகைக் கம்ப்யூட்டர் சிப் வகுத்தலில் தப்பு செய்கிறதாம். கோடிக்கணக்கான கணக்கில் எப்போதோ ஒன்று. என் கம்ப்யூட்டரிலும் அதே சிப்தான். அந்த ஒன்று நம் கலாவாக இருந்துவிட்டால்?

தட்டு மாற்றும் நேரத்தில் எழுந்தேன். தாய்மாமன் எழுந்தால் சபை அடங்கும்.

"இந்தப் பொருத்தம் தப்பா இருக்கலாம்" என்றேன்.

பையனின் அப்பா தட்டைக் கீழே வைத்தார். "என்னங்க சொல்றீங்க? எங்க பையன்கிட்ட என்ன குறை?"

"பையன்கிட்ட இல்லீங்க. சிப்புல."

(விளக்கினேன். நிலைமை இன்னும் மோசமானது.)

உள்ளே கலா அழுவது கேட்டது. ராகுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. "நானே கையால போட்டுடறேன்" என்று பையனின் ஜாதகத்தையும் ஒரு பேனாவையும் வாங்கி, கூடத்தின் நடுவில் உட்கார்ந்தேன். சாம்பார் ஆறியது. கடைசியில் அறிவித்தேன்: "பையன் பொறந்தது அமாவாசை."

பையனின் அம்மா நிமிர்ந்தார். "பௌர்ணமிங்க. நிலா வெளிச்சத்துலதான் மாட்டுவண்டில ஆஸ்பத்திரிக்குப் போனேன்."

"ஞாபகம் தப்பலாம்மா. கணக்கு தப்பாது."

"பெத்தவ நானுங்க!"

பட்டுப்புடவையோடு கலா வெளியே வந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தாள்.

"ஜாதகத்துல தை மூணாம் தேதின்னு இருக்கு. நீங்க ஜனவரி மூணுன்னு போட்டிருக்கீங்க, மாமா."

தை பிறப்பதே ஜனவரி பாதியில். இரண்டு வாரத்தை விழுங்கி, பௌர்ணமியை அமாவாசையாக்கியிருந்தேன்.

"கம்ப்யூட்டராவது கோடியில ஒண்ணு தப்பு பண்ணும். நீங்க போட்டதே ஒரு கணக்குதான்" என்றாள்.

முதலில் சிரித்தவன் மாப்பிள்ளைப் பையன். பிறகு அவன் அம்மா. அவன் அப்பா மட்டும் சிரிக்காமல், "பொண்ணே சரிபாத்துட்டுது. தட்டை எடுங்க" என்றார். ராகுகாலத்துக்கு முன்பே மாற்றிவிட்டார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

கலாவின் மகள் இப்போது சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். பௌர்ணமி வந்தால் தவறாமல் போன் செய்வாள்.

"தாத்தா, இன்னிக்கு அமாவாசைதானே?"

ஜன்னலுக்கு வெளியே நிலா முழுசாக நிற்கும். போனில் அவளுக்குப் பின்னால் கலா சிரிப்பது கேட்கும். அன்று அவளை அழவைத்தவன் நான்.

"ஆமாம்மா, அமாவாசைதான்" என்பேன்.