ஆட்டுக்கல் அண்ணனும் வைகாசியில் நின்ற கம்ப்யூட்டரும்

தேனி மாவட்டத்தில் பிறந்த மனிதர்களிலேயே என்னை அதிகமாகத் திடுக்கிட வைத்தவர் ஆட்டுக்கல் அண்ணன்தான். குமுளி மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு எதிரே வரும் ஜீப்புகள், என் கல்யாணத்தில் பந்தியில் சண்டை போட்ட தாய்மாமன், எல்லோருக்கும் அவருக்கு அடுத்த இடம்தான்.

தேனியில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது எங்கள் கம்ப்யூட்டர் ஆபீஸ். ஏலக்காய் வியாபாரிகள், ஜவுளிக் கடைகள், விவசாயச் சங்கங்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சாப்ட்வேர் போட்டுக் கொடுப்போம். அது ஓடாதபோது போன் பண்ணித் திட்டுவார்கள். அந்தத் திட்டை வாங்கிக்கொள்ளும் பதவியில் நான் இருந்தேன். அண்ணனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும், வழுக்கைத் தலை. ஆபீசின் மூத்த இன்ஜினியர். முதலாளி முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் ஆட்டுக்கல்தான்.

பெயர்க் காரணம் இதுதான். உலகத்தில் சில நல்லவர்கள், தாங்கள் எழுதிய சாப்ட்வேரின் மூல வரிகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாக வெளியே வைத்துவிடுகிறார்கள். அதை அப்படியே ஓட்ட முடியாது. கம்ப்யூட்டரில் போட்டுக் கம்பைல் செய்து, ஓடுகிற பக்குவத்துக்குக் கொண்டுவர வேண்டும். இந்தப் பாடு நமக்கெதற்கு என்று, யாரோ பக்குவப்படுத்தி வைத்ததை இறக்கிக்கொண்டு வேலையைப் பார்ப்பதுதான் ஊர் வழக்கம். அண்ணனுக்கு அது ஆகாது.

நான் சேர்ந்த புதிதில் என் கம்ப்யூட்டருக்கு ஒரு பிரவுசர் வேண்டும் என்று கேட்டேன். பட்டனை அமுக்கினால் நான்கு நிமிடத்தில் வந்துவிடும். அண்ணன் காலையில் ஆரம்பித்தார். மத்தியானம் ஆகியும் திரையில் எழுத்துகள் ஓடிக்கொண்டே இருந்தன. மெயில் பார்க்க வந்த முதலாளி தலையில் கைவைத்துவிட்டார்.

"யோவ், ஒரு பட்டன அமுக்குனா எறங்கிருமேய்யா?"

"எறங்கும்ணே. உள்ள என்னத்தப் போட்டு அரைச்சிருக்கான்னு ஒங்களுக்குத் தெரியுமா? கடை மாவு வாங்கி வயித்த வலிச்சா யாரக் கேப்பீக? நம்ம ஆட்டுக்கல்லுல நம்ம ஆட்டிக்கிருவோம்."

அன்று ஒட்டியது அந்தப் பெயர். அன்று சாயங்காலம்தான் எனக்குப் பிரவுசரும் கிடைத்தது.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி மறுவாரம். கம்பைல் ஓடும்போது கம்ப்யூட்டர் நன்றாகச் சூடாகும். அந்தச் சூட்டை வீணாக்குவதற்கு அண்ணனுக்கு மனசு வரவில்லை. என் பக்கத்து மேசைப் பெட்டியின் தலையில் எவர்சில்வர் தூக்குவாளி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நான் அலறிவிட்டேன்.

"அண்ணே! என்னண்ணே இது?"

"மீன் கொழம்பு. இன்னைக்குப் பெரிய பில்டு ஆத்தா, கம்பைல் ரொம்ப நேரம் ஓடும், நல்லாச் சுட்டுரும். சின்ன பில்டுன்னா தயிர்ச்சோறுதான் கொண்டாருவேன்."

கொஞ்ச நாளில், அவர் கொண்டுவரும் சாப்பாட்டைப் பார்த்தே அன்றைய வேலை எப்படிப்பட்டது என்று சொல்லும் அளவுக்கு நானும் தேறிவிட்டேன். நல்ல குடும்பத்தில் பிறந்த எனக்கு இப்படி ஒரு படிப்பு.

எர்ரர் வந்தால் அவர் நடந்துகொள்ளும் விதமே தனி. கம்பைல் பாதியில் படுத்தால் திரை முழுக்கச் சிவப்பாக எர்ரர் வரிகள் கொட்டும். மற்ற பையன்கள் கடைசி வரியைக் காப்பி பண்ணி இணையத்தில் தேடுவார்கள். இப்போது ஏஐ வந்துவிட்டதா, அதனிடம் கொடுத்து, அது சொல்வதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். அண்ணனோ கடைசி வரியை ஏறிட்டும் பார்க்க மாட்டார். விறுவிறுவென்று மேலே போவார்.

"ஏலே, கீழ கெடக்கிறது பூராம் ஒப்பாரிலே. எளவு வீட்டுக்குப் போனா அழுகுறவளையா விசாரிப்ப? செத்தது யாருன்னு மேல போய்ப் பாரு!" என்று பையன்களைப் பார்த்துச் சத்தம் போடுவார். வாடிக்கையாளர் போனில் காத்திருக்கும்போது பின்னால் இப்படி ஒரு குரல் கேட்டால், நான் என்ன விளக்கம் சொல்வது? "வீட்ல ஏதும் துக்கமாம்மா?" என்று கேட்டுப் பலர் போனை வைத்திருக்கிறார்கள்.

இப்போது அந்த ஆடி மாத விவகாரத்துக்கு வருகிறேன்.

அனுமந்தன்பட்டிப் பக்கம் திராட்சை விவசாயிகள் சங்கம் ஒன்று குளிர்பதனக் கிடங்கு வைத்திருந்தது. பறித்த பன்னீர் திராட்சையை லாரி வரும்வரை அங்கே வைப்பார்கள். உள்ளே சூடு ஏறினால் உடனே எல்லோர் போனுக்கும் எச்சரிக்கை போக ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. போன வெள்ளாமையில் அந்தக் கம்ப்யூட்டர் செத்துப்போனதை யாரும் கவனிக்கவில்லை. ராத்திரி கரண்டு போய், விடிவதற்குள் பாண்டியம்மா அக்காவின் திராட்சை முழுக்க உள்ளேயே வெந்துவிட்டது. கணவர் இல்லாமல் ஒற்றை ஆளாகத் தோட்டம் பார்க்கிற மனுஷி. அந்த ஒரு வெள்ளாமையோடு மகளின் நர்சிங் படிப்பு பாதியில் நின்றது.

இந்தத் தடவை பழம் பறித்தாகிவிட்டது. புதுக் கம்ப்யூட்டரும் வந்துவிட்டது. எச்சரிக்கை வேலை செய்தால்தான் கிடங்குக் கதவைத் திறப்பேன் என்று சங்கத் தலைவர் சொல்லிவிட்டார். கிடங்கில் சூட்டை அளக்கும் சென்சார் பெட்டி பழைய மாடல். அதற்குத் தோதாக, எச்சரிக்கை அனுப்பும் இலவச சாப்ட்வேரை மூல வரிகளிலிருந்து அங்கேயே கம்பைல் செய்தால்தான் ஓடும். எங்கள் ஆபீசிலிருந்து இரண்டு இளைஞர்கள் போய், ஒரு நாள் முழுக்கப் போராடி, முகம் தொங்கிப்போய் வந்தார்கள்.

மறுநாள் காலையில் பாண்டியம்மா அக்காவின் போன்.

"ஆத்தா, வந்த தம்பிமாரு ஆகலன்னுட்டுப் போயிட்டாக. பழம் கூடையில நிக்குது. சாயங்காலத்துக்குள்ள உள்ள ஏத்தலன்னா, கெடைக்கிற வெலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். என் மக முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

நான் ஓடிப்போய் முதலாளியிடம் சொன்னேன். முதலாளி ஆட்டுக்கல் அண்ணனைக் கிளப்பினார். கூடவே என்னையும். "அவனத் தனியா அனுப்புனா தலைவர்கிட்ட எளவு, ஒப்பாரின்னு எதையாச்சும் பேசி வச்சிருவான். நீ பக்கத்துல இரு" என்றார். அண்ணன் தூக்குவாளியை எடுத்துக்கொண்டார். நான் மெதுவாகத் திறந்து பார்த்தேன். கோழிக் குழம்பு. விஷயம் பெரிது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

கிடங்கு வாசலில் திராட்சைக் கூடைகள் அடுக்கியிருந்தன. ஈரச் சாக்கை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றார் பாண்டியம்மா அக்கா. உள்ளே சங்கத் தலைவர், வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. புதுக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், மேலே ஒரு எலுமிச்சம்பழம்.

அண்ணன் உட்கார்ந்தார். திரையில் எர்ரர் கடல். முந்தின நாள் பையன்கள், "மேக்ஃபைல் இல்லை", அதாவது எதை எப்படிக் கம்பைல் செய்வது என்ற குறிப்பு இல்லை, என்ற கடைசி வரியைப் பார்த்துவிட்டு, வேறு ஏதோ ஒரு சாப்ட்வேரின் மேக்ஃபைலைக் கொண்டுவந்து இதற்குள் போட்டிருந்தார்கள். அதாவது, கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையைக் காணோம் என்றதும், பக்கத்து மண்டபத்து மாப்பிள்ளையைக் கூட்டிவந்து மணையில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

"அடப் பாவிகளா" என்று முனகிவிட்டு, அதையெல்லாம் துடைத்துப் போட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார் அண்ணன். கம்பைலுக்கு முன்னால், இந்தக் கம்ப்யூட்டரில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று சாப்ட்வேரே ஒரு சோதனை நடத்தும். சோதனை ஆரம்பித்த மாத்திரத்தில் நின்றுவிட்டது. அண்ணன் அந்த வரியைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"என்னய்யா சொல்லுது?" என்றார் தலைவர்.

"இங்கன புத்தி தெளிவா இருக்கான்னு கேக்குது."

"யாருக்கு?"

"பொதுவாத்தான் கேக்குது."

சத்தியமாகத் திரையில் அப்படித்தான் ஆங்கிலத்தில் போட்டிருந்தது. அதற்குக் கீழே, இப்போது உருவாக்கிய ஃபைல் எப்போதோ உருவாக்கிய ஃபைலைவிட வயதில் மூத்ததாக இருக்கிறது, கடிகாரத்தைப் பார் என்று இன்னொரு வரி. அண்ணன் திரையின் மூலையில் இருந்த தேதியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஊரெல்லாம் ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருக்க, அந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டும் வைகாசி மாதம்!

"தலைவரே, தேதிய யாரு மாத்துனது?"

தலைவர் கொஞ்சமும் அசரவில்லை. "நாந்தான் மாத்தச் சொன்னேன். பெட்டி வந்ததே ஆடியில. ஆடியில புதுசா எதையும் ஆரம்பிக்கலாமாய்யா? அதான், வைகாசியில வளர்பிறை முகூர்த்தமாப் பாத்துத் தேதிய வச்சு, அதுக்கப்புறம் ஸ்விச்சப் போட்டோம். அது பாட்டுக்கு இன்டர்நெட்டப் பாத்துத் திரும்ப ஆடிக்கு வந்துறக் கூடாதுன்னு, தானாத் தேதி மாத்துறதையும் அணைக்கச் சொல்லிட்டேன்."

நான் பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். நல்ல நேரம் பார்த்துக் கடை திறப்பவர்களைத் தெரியும். நல்ல நேரம் வரும்வரை காத்திருப்பவர்களையும் தெரியும். நல்ல நேரத்தைப் பெட்டிக்குள்ளேயே தயார் பண்ணிக்கொண்ட ஒரே மனிதரை அன்றுதான் பார்த்தேன். சாப்ட்வேரை எழுதியவர்கள் அதை ஆனி மாதம் வெளியிட்டிருந்தார்கள். வைகாசியில் உட்கார்ந்துகொண்டு ஆனியில் பிறந்த பிள்ளையை வளர்க்கச் சொன்னால் பாவம் அது என்ன செய்யும்? புத்தியைப் பற்றித்தான் கேட்கும்.

"தேதிய ஆடிக்கு மாத்துங்க, ஓடிரும்" என்றார் அண்ணன்.

"அது நடக்காது. போன வருசம் நாசமாப் போனதும் இந்த மாசந்தான். ஆவணி பொறக்கட்டும்."

"வைகாசித் தேதியோட எப்படியாச்சும் ஓட்டிருவேன் தலைவரே. ஆனா மெசேஜ் வெளிய போகாது. மெசேஜ வாங்கி அனுப்புற கம்பெனிக்காரன், தேதி தப்புன்னு வாசல்லயே நிறுத்திருவான். உள்ள வெந்தா யாருக்குத் தெரியும்?"

அதுவரை வாசலில் நின்ற பாண்டியம்மா அக்கா, ஈரச் சாக்கோடு உள்ளே வந்துவிட்டார்.

"அண்ணே, ஆடின்னு என் கொடி காய்க்காம இருந்துச்சா? ஆடின்னு கொல எதும் பழுக்காம நின்னுச்சா? ஆவணிக்கு நீங்க கதவத் தொறந்தா உள்ள வைக்க எங்கிட்ட என்ன இருக்கும்? வெறுங்கூடதான இருக்கும்!"

சொல்லச் சொல்ல அவருக்கு அழுகை வந்துவிட்டது. தலைவருக்கும் கண் கலங்கியது. கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். போன வருடம் அந்தக் கூடைகளை வெளியே கொட்டச் சொன்னவரும் அவர்தான்.

"திரும்பவும் கெட்டுப்போச்சுன்னா யாரு தலையிலம்மா விடியும்?" என்றார், குரல் இறங்கிப்போய்.

"என் தலையில" என்றார் ஆட்டுக்கல் அண்ணன். "தோசம் பூராம் என்னுதுன்னு எழுதிக்கங்க. இந்தப் பழம் லாரி ஏறுற வரைக்கும், ஏறுன பின்னாடியும், சனிக்கெழமை தவறாம குச்சனூர்ல போயி சனீஸ்வரனுக்கு எள்ளு வெளக்குப் போடுறேன். போதுமா?"

எனக்கு அன்றைய அதிர்ச்சிகளிலேயே பெரியது அதுதான். கடை மாவையே நம்பாதவர். ஆபீஸ் ஆயுத பூஜைச் சுண்டலில் என்ன எண்ணெய் என்று விசாரித்தவர். சாமி, தோசம் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போகிறவர். தலைவர் கம்ப்யூட்டர் மேல் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அண்ணன் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தேதியை ஆடிக்கு மாற்றினார்.

சோதனை ஓடியது. நடுவில் ஒன்றிரண்டு துணைச் சாப்ட்வேர்கள் இல்லையென்று நின்றது. ஒவ்வொன்றாகக் கொடுத்தார், வாங்கிக்கொண்டு நகர்ந்தது. கோழிக் குழம்பு சூடாகிக்கொண்டிருந்தபோது கம்பைல் முடிந்தது. சென்சாரை உள்ளங்கையில் பொத்தி அண்ணன் சூடேற்ற, தலைவர் போனும் பாண்டியம்மா அக்கா போனும் ஒன்றாக அலறின. வெயில் சாய்வதற்குள் கடைசிக் கூடையும் உள்ளே போய்விட்டது. அந்தப் பழம் நல்ல விலைக்கே போனது. மகள் மறுபடியும் காலேஜுக்குப் போகிறாள் என்று அக்கா போனில் சொன்னபோது, ஆபீஸ் என்றும் பாராமல் நான் அழுதேன்.

பிறகு நான் கல்யாணமாகித் தேனியை விட்டு வந்துவிட்டேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஊருக்குப் போனபோது மாமியாரின் வேண்டுதலுக்காகக் குச்சனூர் போனேன். கூட்டத்தில் கையில் எள் விளக்கோடு ஒரு தெரிந்த வழுக்கை. அப்படியே நின்றுவிட்டேன்.

"அண்ணே! இன்னுமா போடுறீக? ஒங்களுக்குத்தான் நம்பிக்கையே கெடையாதே?"

"எனக்கு எதுக்கு ஆத்தா நம்பிக்கை? அந்தத் தலைவரு பாவம், நான் வெளக்குப் போடுறேன்னுதான் நிம்மதியாத் தூங்குறாரு. அவரு தூங்குனாத்தான் தேதிய நோண்டாம இருப்பாரு. அந்த சாப்ட்வேர் ஓட என்னென்ன வேணுமோ, அதுல இதுவும் ஒண்ணு."

"எண்ணெய் கடையில வாங்குனதா?" என்றேன் சிரித்துக்கொண்டே.

அவர் முகம் மாறிவிட்டது. "எள்ளு வாங்கி, செக்குல கூடவே நின்னு ஆட்டுனது. கடை எண்ணெயில என்னத்தக் கலந்திருக்கான்னு யாரு கண்டா?"

அவர் விளக்கை வைத்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். நான் மாமியார் பெயருக்கு அர்ச்சனை முடித்தேன். மனசு கேட்கவில்லை. இன்னொரு தட்டு வாங்கி அர்ச்சகரிடம் நீட்டினேன். பெயர் என்ன என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அந்த மனிதரின் பெயரை நான் கேட்டதே இல்லை.

"ஆட்டுக்கல்" என்றேன். அர்ச்சகர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அப்படிச் சொன்னாலே சாமிக்குத் தெரியும் சாமி" என்றேன் மறுபடியும். "அவரு நல்லா இருக்கணும்."